பொன்னியம்மன் உடுத்த மலைநகர்த் திரை

கீழைக் கடலின் விளிம்பில் கதிரவன் இன்னும் முழுதாய் எழாத விடியற்பொழுதில், பழவேற்காட்டு ஏரி உருக்கிய ஈயத்தைப் பரப்பி ஆறவிட்டாற்போல அசைவற்றுக் கிடந்தது. மேற்கே அலையாத்திப் புதர்கள் கரிய கோடாய்த் தோன்ற, கிழக்கே நெடிய மணல்மேட்டுக்கு அப்பால் கடல் ஓயாது குமுற, நடுவே ஆழமற்ற நீரில் ஒற்றைக்கால் ஊன்றிய பூநாரைகள் தம் சிறகுக்கடியில் செந்நிறத்தை ஒளித்துவைத்து உறங்க, தோணிரேவு முதலான குப்பங்களிலிருந்து புறப்பட்ட தோணிகள் நீருக்கு நோகாமல் நழுவிச் சென்றன. ஏரி கடலோடு கலக்கும் கழிமுகத்தருகே, அகழி சூழ, பீரங்கிகள் வாய்பிளந்து நிற்க, ஒல்லாந்தர் கோட்டை அவ்வழகின் நடுவே வந்து குந்திய வேற்றூர் விலங்கெனக் கிடந்தது.

கற்றறிந்த அன்பரே, இவ்வழகெல்லாம் தொலைவில் நின்று காண்பவர்க்கே உரியது. அருகே சென்று மூச்சை உள்ளிழுப்பவர்க்கு முதலில் தெரிவது நாற்றம். வெயிலில் உலரும் கருவாட்டின் நாற்றத்தையும் வலையில் ஒட்டி அழுகிய பாசியின் நாற்றத்தையும் அக்கரையார் பிறந்த நாள்முதல் அறிவர். தம் வயிறு நிறைக்கும் தொழிலின் நாற்றமாதலால் அதனை அவர் வெறுப்பதில்லை. ஒல்லாந்தர் கண்டிமேல் படையெடுத்த ஆண்டின் ஐப்பசியில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த கப்பலிலிருந்து எழுந்த நாற்றமோ, அவ்வலைஞரையும் மூக்கைப் பொத்தவைத்தது. புண் அழுகிய படைவீரர் பாயோடு இறக்கப்பட்டனர். அவர்க்குப் பின்னே, கோணிகளிலும் மூங்கிற் கூடைகளிலும் கட்டுண்டு, கண்டி மாநகரின் கொள்ளை இறக்கப்பட்டது.

கோட்டை வாயிலின் முன் மணலில் அப்பொருள்களைப் பரப்பி ஏலம் கூறினர். முறிந்த வெண்கலக் கைகள், அருள் காட்டிய விரல்கள் அப்படியே விரிந்திருக்க, எடைக்கு விற்கப்பட்டன. ஓலைச்சுவடிகளின் தந்தப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓலைகளைச் சேற்றில் எறிந்தனர். எழுத்து நிறைந்த அவ்வோலைகளை மிதித்துக்கொண்டே வணிகர் நடந்தனர். பருத்த வணிகன் ஒருவன் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, புத்தர் சிலையொன்றின் இமையில் பூசியிருந்த பொன் மெய்ப்பொன்தானா என்று கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தான். நண்டைப் புரட்டி வயிற்றை அழுத்திப் பார்ப்பவன் முகத்தில் இருக்கும் பரிவுகூட அவன் முகத்தில் இல்லை.

அம்மலைநகரைப் பற்றி ஈண்டுச் சிறிது சொல்லியாக வேண்டும். இலங்கைத் தீவின் நடுவே, மலைகள் இதழென விரிய அவற்றினிடையே தாமரைப் பொகுட்டெனப் பொலிந்தது கண்டி. மாவலியாறு மூன்று புறமும் வளைந்தோடி அதற்கு அகழியாயிற்று. புத்தர்பிரானின் திருப்பல் ஒன்று பேழைக்குள் பேழையாய் வைத்துப் போற்றப்பட்ட கோயில் அந்நகரின் உயிர். அப்பல் எவரிடம் உள்ளதோ அவரே அந்நாட்டுக்கு அரசர் என்பது அம்மக்களின் உறுதி. கடற்கரையை வென்ற பறங்கியரும் பின்வந்த ஒல்லாந்தரும் மலைமேல் ஏறிய போதெல்லாம், குடிமக்கள் நெல்லைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் மறைவர். திருப்பல்லும் அவர்களோடு மறையும். வந்தவர்க்கு வெறும் நகரும், பசியும், காய்ச்சலுமே எஞ்சும். அவ்வாண்டும் அவ்வாறே ஆயிற்று. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாத படை, சுவரையும் கதவையும் சிலையையும் உரித்துக்கொண்டு திரும்பிற்று.

அப்படைக்குச் சுமைதூக்கக் கரையோரக் குப்பங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி அனுப்பினர். தோணிரேவிலிருந்து சென்றவருள் ஒருவன் சகாதேவன். தோள் அகன்றவன், சிரிக்கச் சிரிக்கப் பேசுபவன், வலை வீசுவதில் அவனுக்கு நிகரானவர் அக்குப்பத்தில் சிலரே. அவன் மனைவி பச்சையம்மா, நாள்தோறும் கூடை சுமந்து கோட்டை வீதிகளில் மீன் விற்பவள். உடன் போனவருள் பலர் திரும்பவில்லை. சகாதேவன் திரும்பினான், மெலிந்திருந்தான், ஆயினும் அவன் தோளில் ஒரு பெரிய மூட்டை இருந்தது.

குப்பமே அவன் வாயிலில் கூடிற்று. மூட்டையை அவிழ்த்து அவன் உதறியபோது, மாந்தளிர் நிறப் பட்டொன்று, பொன்னிழையில் தாமரையும் அன்னமும் மின்ன, ஆள் உயரத்துக்கு விரிந்தது.

“இன்னா ஊருன்றே! மலைக்கு மேல மலை, அதுக்கு மேல கோயிலு. நாங்க போவ சொல்ல ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாம் காட்டுக்குள்ள பூந்துட்டானுங்க. இது அந்தக் கோயில்ல உள்ளாற தொங்கின திரை. ஒரு மொட்டைக் கெழவன் மட்டும் இதோட ஓரத்தப் புடிச்சிக்கினு தொங்கினான். வுடுடான்னேன், வுடல. வுட்டேன் பாரு ஒரு ஒத! தேங்கா மாரி உருண்டான் படியில!”

அவன் கிழவனைப் போலக் கண்ணை உருட்டி நடித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தனர். பச்சையம்மாவும் சிரித்தாள். செத்துவிட்டான் என்று எண்ணி அழுதிருந்த கணவன் உயிரோடு வந்து நின்று கதை சொல்கையில், எந்தப் பெண்ணுக்குத்தான் கதையின் உள்ளே புகுந்து பார்க்கத் தோன்றும்? பொன்னிழையை விரலால் தடவிப் பார்த்தாள். பட்டு அவள் விரல் வெடிப்பில் சிக்கிற்று.

ஊர்ப் பெரியதனக்காரர் இராசவேலு பட்டை ஏந்திப் பார்த்துத் தீர்ப்புரைப்பவர் போலச் சொன்னார்: “நம்ப பொன்னியம்மன் ஆத்தாவுக்கு இப்பேர்ப்பட்ட துணிய எந்த ராசாவும் சாத்தினதில்ல. மாசி மகத்துக்கு அவ கடலாடப் போவ சொல்ல இதையே சாத்திப்புடலாம். சகாதேவன் வூட்டுக்குத்தான் மொதல் மாலை.”

சகாதேவன் தலைநிமிர்ந்தான். மற்றச் சுமையாட்களும் தத்தம் மூட்டைகளை அவிழ்த்தனர். முத்தம்மாள் வீட்டில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. வரதன் வீட்டில் வெள்ளித் தட்டு. குப்பத்தின் குடிசைகளில், மீன் செதில் ஒட்டிய மூங்கில் தட்டிகளுக்கு நடுவே, மலைநகரின் உறுப்புகள் ஒவ்வொன்றாய் ஒளிரலாயின.

கார்காலம் ஓய்ந்த பின் பச்சையம்மா மீண்டும் கோட்டை வீதிக்கு மீன் கொண்டு சென்றாள். அங்கே, மலைப்போரிலிருந்து திரும்பிய ஒல்லாந்தப் படைத்தலைவன் ஒருவன் வீட்டின் புறக்கடையில் புதிய அடிமைப் பெண்ணொருத்தியைக் கண்டாள். வெளிறிய மாநிறம், நீண்ட கழுத்து, கண்ணின் கீழ்க் கருவளையம். வீட்டார் அவளை எலிசபெத் என்று அழைத்தனர். அப்பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், வேறொருத்தி வரப்போகிறாள் என்று காத்திருப்பவள்போல ஒரு நொடி தயங்கிய பின்னரே அவள் அசைவாள்.

முதல் நாள், உயிருள்ள நண்டுகளை அவள் முன் பச்சையம்மா கொட்டினாள். அப்பெண் கத்தியை எடுத்தாள்; வைத்தாள்; மீண்டும் எடுத்தாள்.

“இன்னா பொண்ணே, நண்டு ஒடைக்கத் தெரியாதா?”

“தெரியாது என்பதில்லை, அக்கா. உயிரோடு இருக்கிறது.”

பேசிய தமிழ் தெற்கத்திச் சாயல் கொண்டது. பச்சையம்மா வியந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு நண்டுகளைத் தானே உடைத்துக் கொடுத்தாள். அன்றுமுதல் அவ்வீட்டுப் புறக்கடைப் படியில் சற்றே அமர்ந்து, மீனைக் கழுவித் துண்டாக்கிக் கொடுத்துவிட்டுப் போவது அவள் வழக்கமாயிற்று. அவ்வேளையில் அப்பெண் தன் ஊரைப் பற்றிச் சொல்வாள். பெற்றோர் இட்ட பெயர் மெனிகா என்றும், அதற்கு மாணிக்கம் என்று பொருள் என்றும் சொன்னாள். அரசியின் உறவினர் மதுரைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய வீதியில் அவள் தாய் ஊழியம் செய்தமையால் தமிழ் கற்றதாகச் சொன்னாள்.

அவள் சொல்லச் சொல்ல, மீன் செதில் சிதறிய அப்படியின்மேல் மலைநகரே எழுந்து நிற்கும். விடியுமுன் கோயில் முரசு முழங்க, பனி விலகாத தெருவில் வெண்ணிற ஆடை உடுத்தோர் பூத்தட்டு ஏந்திச் செல்வதும், பூவை முகர்ந்து பாராமல் படைப்பதும், ஆடி நிலவில் அணிசெய்த களிறுகள் நூற்றுக்கணக்கான பந்தங்களின் ஒளியில் அசைந்து வருவதும், அவற்றின் முன் சாட்டை சொடுக்குவோரும் கூத்தாடுவோரும் தெருவை நிறைப்பதும், அரசயானையின் முதுகில் பொற்பேழை வரும்போது நகரே ஒரே மூச்சாய்க் கைகுவிப்பதும் அவள் சொல்லில் உயிர்பெறும்.

“உங்கள் அம்மனைப் போல எங்கள் ஊரிலும் ஒரு தாய் இருக்கிறாள், அக்கா. பத்தினித் தெய்வம். அம்மை கண்டால் அவளிடம்தான் போவோம். கடல் தாண்டி உங்கள் பக்கத்திலிருந்து வந்தவள் என்று சொல்வார்கள்.”

“அப்ப நீ எனக்கு ஒறவுதான்,” என்று பச்சையம்மா சிரித்தாள்.

தை பிறந்தபின் ஒரு நாள், “எல்லாரும் காட்டுக்குள்ள ஓடிட்டாங்கன்றாங்க. நீ மட்டும் எப்பிடி மாட்டினே?” என்று பச்சையம்மா கேட்டாள். அக்கேள்வியில் ஒரு கெடுதலும் இருப்பதாய் அவளுக்குத் தோன்றவில்லை.

மெனிகா படியில் சிதறிய செதிலைக் கையால் ஒதுக்கியபடியே சொன்னாள்: “அம்மாவுக்கு நடக்க முடியவில்லை. அதனால் நான் நின்றுவிட்டேன். கோயிலில் ஒரு பெரிய துறவி இருந்தார். அவரும் வர மறுத்துவிட்டார். விளக்கு அணையக் கூடாது என்றார். படை வந்தது. கொஞ்ச நாளில் அவர்களுக்கே சோறில்லை. காய்ச்சலில் விழுந்த சுமையாட்களைக் கோயில் படியில் போட்டுவிட்டார்கள், அக்கா. அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் ஒளித்து வைத்திருந்த அரிசியை எடுத்துக் கஞ்சி காய்ச்சினார். இவர்கள் கோயிலை உடைக்க வந்தவர்கள், சாமி என்றேன். கஞ்சி ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடு என்றார்.”

“அப்புறம்?”

“அதில் ஒருவன் சாகக் கிடந்தான். கெண்டைக்காலில் பழைய வடு, ஏதோ மீன் முள் குத்தியதுபோல. காய்ச்சல் வேகத்தில் ‘பச்சே, பச்சே’ என்று பிதற்றிக்கொண்டே இருந்தான். என்ன கேட்கிறான் என்றார் பெரியவர். பசுமையாக ஏதோ கேட்கிறான் என்றேன்; எனக்கு அவ்வளவுதான் விளங்கிற்று. அவர் தள்ளாத காலோடு சரிவில் இறங்கி, வல்லாரை பறித்து வந்து, இடித்து, கஞ்சியில் கலந்து ஊட்டினார். அவன் எழுந்து உட்காரும் வரைக்கும் நாள் தவறாமல் போய்ப் பறித்தார்.”

பச்சையம்மாவின் கையிலிருந்த மீன் நழுவித் தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்தது. அவளை மீன்கார அக்கா என்றே அப்பெண் அழைத்து வந்தாள். அவள் பெயரைக் கேட்டதில்லை. கெண்டைக்காலில் திருக்கை முள் வடுவுடையவனாய், தன் பெயரைப் ‘பச்சே’ என்று நீட்டிக் கூப்பிடுபவனாய், இவ்வுலகில் இருப்பவன் ஒருவனே.

“படை திரும்புகிற நாளில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே புகுந்தவர்களில் அவன் முன்னால் வந்தான். அவன் நடப்பதைப் பார்த்துப் பெரியவர் சிரித்தார், அக்கா. தேறிவிட்டானே என்ற மகிழ்ச்சி. திரையை இழுத்தபோது, வேண்டாமப்பா என்று ஓரத்தைப் பிடித்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கும்போதே மிதித்தான். படியில் விழுந்தவர் எழவில்லை. அம்மா வழியில் இறந்தாள். என்னை இங்கே கொண்டுவந்தார்கள்.”

பச்சையம்மா எழுந்தாள். எப்படி ஏரியைக் கடந்தாள், எவர் தோணியில் ஏறினாள் என்பதை அவள் பின்னர் நினைவுகூர இயலவில்லை. வீட்டினுள் நுழைந்தபோது சகாதேவன் உச்சிப்பொழுதின் சோற்றை உண்டுகொண்டிருந்தான்.

“அந்தக் கெழவரு ஒனக்குக் கஞ்சி ஊத்தினாரா?”

அவன் கை ஒரு கணம் நின்றது. பின் மீண்டும் பிசைந்தது. “எவ சொன்னா?”

“ஊத்தினாரா, இல்லியா?”

“ஊத்தினாரு. அதுக்கு இன்னா இப்போ?”

“ஊரக் கூட்டி வச்சிக் கத சொன்னியே, அதை ஏன்யா சொல்லல?”

“சொல்றதுக்கு இன்னா கீது அதுல? எல்லாரும் அள்ளினாங்க, நானும் அள்ளினேன். நான் வுட்டா வேற எவனாச்சும் அள்ளியிருப்பான். கெழவன் எப்பிடியும் சாவறவன்தான். ஒனக்கு ஆத்தா முன்னாடி மொதல் மாலை வரப்போவுது, அதப் பாப்பியா?”

சொல்லி முடித்து, விரல்களை ஒவ்வொன்றாய் நக்கினான். சினந்திருந்தால், மறுத்திருந்தால், தலையையேனும் குனிந்திருந்தால் அவள் உள்ளம் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். அவனோ குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்பவன் போலச் சொன்னான். அந்தக் கையிலிருந்து இத்தனை ஆண்டு தான் வாங்கி உண்டதும், அவ்வாய் தன் பெயரைக் கூப்பிட்டதும், அக்கதைக்குத் தானும் வாய்விட்டுச் சிரித்ததும் ஒருங்கே நெஞ்சில் திரண்டு எழ, பச்சையம்மா வெளியே ஓடிச் சென்று, வேலிக் காலைப் பற்றிக்கொண்டு, குடல் புரளக் குமட்டி எடுத்தாள்.

மாசி மகத்தன்று குப்பத்துத் தோணிகளெல்லாம் மாவிலையும் மஞ்சளும் சூடி ஏரியில் அணிவகுத்தன. முன்தோணியில், மலைநகரின் திரையை மடித்துச் சேலையாய் உடுத்து, பொன்னியம்மன் எழுந்தருளினாள். இளவெயிலில் அன்னங்களும் தாமரைகளும் பளபளக்க, அக்கம்பக்கக் குப்பத்தார் கரையில் நின்று வியந்தனர். கழிமுகத்து மணலில் அம்மனை இறக்கி, கடல்நீர் தெளித்து, பம்பையும் உடுக்கையும் முழங்க, இராசவேலு முதல் மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு, “சகாதேவா, பொண்டாட்டியோட வா!” என்றார்.

பச்சையம்மா முன்னே வந்தாள். மாலைக்குத் தலை குனியவில்லை.

“எனக்கு வேணாம். ஆத்தா மேலேர்ந்து அந்தத் துணிய மொதல்ல எடுங்க.”

உடுக்கை நின்றது. அவள் ஒன்றும் விடாமல், கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். சாகக் கிடந்தவனுக்கு ஊட்டிய கஞ்சியைச் சொன்னாள். சரிவில் இறங்கிப் பறித்த வல்லாரையைச் சொன்னாள். சிரித்த முகத்தில் விழுந்த மிதியைச் சொன்னாள். “அவரு இழுத்துப் புடிச்ச துணி இது. இதக் கட்டிக்கினு ஆத்தா எப்பிடிக் குளிப்பா? அந்த ஊர்லயும் ஒரு ஆத்தா கீறா. அவ கேக்க மாட்டாளா?”

“அவளுக்குப் பைத்தியம் புடிச்சிகிச்சி,” என்று சகாதேவன் சிரிக்க முயன்றான்.

அன்பரே, அக்கூட்டத்தில் எவரும் அவள் சொன்னதைப் பொய் என்று சொல்லவில்லை. அதுவே இக்கதையாளனுக்கு இன்றளவும் ஆறாத அருவருப்பு. நம்பவில்லை என்றால் அவரை மூடர் என்று விட்டுவிடலாம். அவர்கள் நம்பினர். முத்தம்மாள் தன் வீட்டுக் குத்துவிளக்கை நினைத்து மணலைப் பார்த்தாள். வரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தான். வீட்டுக்கொரு பொருள் இருந்தமையால், வாய்க்கொரு பூட்டும் இருந்தது.

இராசவேலு தொண்டையைச் செருமினார். “ஆத்தாவுக்குச் சாத்தினது சாத்தினதுதான். அத அவுக்கறது அபசாரம். எங்கேர்ந்து வந்திச்சின்னு ஆத்தா கேட்டாளா? நீ யாருடி கேக்கறதுக்கு?” பின்னர்க் கூட்டத்தை நோக்கி, “நல்ல நாளும் அதுவுமா வாயத் தொறந்தவளுக்கு இனிமே இந்தக் குப்பத்துல எவனும் மீன் குடுக்கக் கூடாது,” என்றார்.

மாலை சகாதேவன் கழுத்தில் மட்டும் விழுந்தது. பம்பை மீண்டும் முழங்கிற்று. முழக்கத்தின் கீழே மக்கள் முன்னிலும் உரக்கக் குலவையிட்டனர்.

அன்றே பச்சையம்மா அவன் வீட்டை விட்டு நீங்கி, குப்பத்தின் கடைக்கோடியில், உப்புச்சேற்றின் ஓரமாக ஒரு குச்சிலைக் கட்டிக்கொண்டாள். மீன் கொடுப்பார் இல்லாமையால், ஏரிச் சேற்றில் மண்டியிட்டு, இரு கையாலும் தடவித் தடவி இறால் பிடித்தாள். பிடித்ததை இடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் நாளெல்லாம் கிடந்தாள். சிப்பி கிழித்த கைகளில் உப்புநீர் எரிந்தது. எதிர்ப்பட்ட பெண்கள் ஒதுங்கிச் சென்றனர். முத்தம்மாள் ஒருத்தி மட்டும் யாரும் காணாப்பொழுதில் கைப்பிடி அரிசியை நீட்டினாள். “அந்த வெளக்கு இன்னும் ஒன் வூட்லதான எரியுது?” என்று பச்சையம்மா கேட்டாள். முத்தம்மாள் நீட்டிய அரிசியைத் தன் மடியிலேயே மீண்டும் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

சித்திரையில் படைத்தலைவன் கிழக்கே சாவகத் தீவுக்கு மாற்றப்பட்டான். அவன் உடைமைகளோடு உடைமையாய் மெனிகாவும் கப்பலேற இருந்தாள். புறப்படும் நாளின் காலையில், புறக்கடைப் படியில் இருவரும் கடைசியாய் அமர்ந்தனர்.

“அவன் என் புருசன்,” என்றாள் பச்சையம்மா. அதுவரை அதனை அவள் சொல்லியிருக்கவில்லை. “பச்சைன்றது என் பேரு. கீரை இல்ல.”

மெனிகா அவளை உற்று நோக்கினாள். முகம் வெளுத்தது, எழுந்து போய்விடுவாள் போலிருந்தது, போகவில்லை. “அப்படியானால் அவன் உங்களைத்தான் கேட்டானா?” என்றாள்.

“அவனப் பாத்தா வயித்தப் பொரட்டுது. பட்டினியா கெடந்து சாவட்டும்னு தோணுது. அந்தப் பெரியவருக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா அவனுக்கு ஊத்தியிருப்பாரா?”

“தெரியாமல் என்ன, அக்கா? வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். ஊற்றினார்.” பின் மெல்லச் சொன்னாள்: “நான் ஊற்றியிருக்க மாட்டேன். இப்போதும் மாட்டேன்.”

உள்ளிருந்து எலிசபெத் என்று எவரோ கூவினர். இம்முறை அவள் தயங்காமல் எழுந்தாள். கழிமுகத்துக்கு அப்பால் கப்பல் பாய் விரித்ததைப் பச்சையம்மா சேற்றில் நின்றபடியே கண்டாள். அது புள்ளியாய் மறையும் வரை இறால் தடவவில்லை.

மலைக்காட்டுக் காய்ச்சல் ஒருமுறை உடம்பில் புகுந்தால் எளிதில் விடுவதன்று. அடுத்த கார் தொடங்கியபோது சகாதேவனை அது மீண்டும் பற்றிற்று. வலை இழுக்க இயலாதவனைத் தோணிக்காரர் ஏற்றவில்லை. அவன் கதைக்குச் சிரித்தவர், அவன் வாங்கிக் கொடுத்த கள்ளைக் குடித்தவர், ஒவ்வொருவராய் விலகினர். அவன் கழுத்தில் மாலையிட்ட இராசவேலு, இருமல் ஒட்டிக்கொள்ளும் என்று அவனைத் தம் வாயிலுக்கே விடவில்லை. மலைநகரின் திரையோ, அடுத்த மாசிக்கு உடுத்த, அம்மன் கோயில் மரப்பெட்டியில் வசம்பிட்டுப் பாதுகாக்கப்பட்டது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு பகலில், பச்சையம்மாவின் குச்சில் வாயிலில் அவன் வந்து நின்றான். விலா எலும்புகள் பழந்தோணியின் பலகைகள் போலத் துருத்தியிருந்தன. நிற்க மாட்டாமல் ஈர மண்ணில் அமர்ந்தான். அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கே அது போதாது.

“பச்சே,” என்றான்.

அவள் முதுகு விறைத்தது. “இன்னாத்துக்கு வந்தே?”

“வேற எங்க போவேன்?”

“போ. எங்கனாச்சும் போ.”

அவன் போகவில்லை; போகும் வலுவும் அவனுக்கு இல்லை. தலையைக் கதவுத் தட்டியில் சாய்த்துக்கொண்டு, பல் கிட்டித்து நடுங்கினான். அவள் அடுப்பைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள், கூழ் பொங்கி விளிம்பில் வழிவதைப் பார்த்தாள். இவன் சாகட்டும் என்று நெஞ்சு சொல்லிற்று. அதைச் சொல்லாதே என்று எந்தத் தெய்வமும் அவள் காதில் ஓதவில்லை. ஆயினும் அவள் கை மண்சட்டியை எடுத்தது. கூழை மொண்டு ஊற்றிற்று. அவன் முன்னே, மண்ணில், ஓசையெழ வைத்தது.

அவன் இரு கையாலும் ஏந்திக் குடித்தான். மோவாயில் வழிந்ததைத் துடைத்து அதையும் நக்கினான். பின்னர், எலும்பெடுத்த கண்குழியினுள்ளிருந்து அவளைப் பார்த்து, “மன்னிச்சிட்டியா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“பின்ன ஏன் ஊத்தினே?”

அவள் அகப்பையைக் கையில் எடுத்தாள். ஏரிக் காற்றில் கோட்டையின் அழுகல் நாற்றமும் வெடிமருந்துப் புகையும் கலந்து வந்தன. தொலைவில் பூநாரைகள் எழுந்து வானில் ஒரு செந்நிறக் கோடிட்டு மறைந்தன. மலைநகரில் எவர் பூவேந்திச் சென்றாரோ, சாவகத்தில் எவள் எந்தப் பெயருக்குத் திரும்பினாளோ, அவ்வேரிக்கரை அறியாது. வெறுங்கூழை உறிஞ்சும் அவ்வுதடுகளின் ஓசை செவியில் விழும்போதெல்லாம் அவள் வயிறு புரண்டது, வாயூறிக் கசந்தது. அக்குமட்டலைப் பல்லிடுக்கில் கடித்து அடக்கிக்கொண்டு, முகத்தை அப்பால் திருப்பியவளாய், சட்டி ஒழிந்ததும் மீண்டும் ஊற்றினாள். அவன் உண்டு முடிக்கும் வரை அகப்பையைக் கீழே வைக்கவில்லை.